நாணயமும் முத்திரையும்

திருப்பூரில் தைக்கப்படும் ஒரு பனியனின் கழுத்துப் பகுதியைத் திருப்பிப் பார்த்தால், அங்கே ஒரு சிறு துணித்துண்டு தைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ‘லேபிள்’ என்று தொழிலாளர் அதனை அழைப்பர். அதில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும், அளவு இருக்கும், பருத்தி எத்தனை விழுக்காடு என்ற விவரமும், எந்த நாட்டில் செய்யப்பட்டது என்ற குறிப்பும் இருக்கும். நூலைத் துணியாகப் பின்னியவர், சாயமேற்றியவர், வெட்டியவர், ஓவர்லாக்கில் இணைத்தவர், பிசிறு வெட்டியவர், தேய்த்து மடித்தவர் எனப் பலருடைய கைகளைக் கடந்து வந்த அந்த ஆடையில் அவர்களுள் ஒருவருடைய பெயரும் இராது. ஆடையைப் பொறுத்த வரையில் இதனைக் குறையென்று சொல்வதற்கில்லை. ஆனால், ஆடைக்குரிய அந்த முறையை மனிதனுக்கும் பொருத்திப் பார்க்கும் ஒரு போதனை இன்று நம் இளைஞரிடையே பரவி வருகிறது. அதனைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

‘உன்னையே ஒரு பிராண்டாக ஆக்கிக்கொள்’ என்பது அந்தப் போதனை. கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பயிற்சிகளில் இது சொல்லப்படுகிறது. சில பங்குகளில் நாமே நடத்தும் வழிகாட்டும் கருத்தரங்குகளிலும் இது நுழைந்துவிட்டது. பிறரிடமிருந்து உன்னைப் பிரித்துக் காட்டும் ஒன்றைத் தேர்ந்துகொள், அதையே திரும்பத் திரும்பச் சொல், எங்கும் தென்படு, வேலை கொடுப்பவருடைய நினைவில் உன் பெயர் பதியட்டும் என்று இளைஞருக்குக் கற்பிக்கின்றனர். கேட்பதற்குத் தவறாக எதுவும் தோன்றுவதில்லை. வேலை தேடி அலையும் பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன சொல்வது என்று பெற்றோரும் எண்ணுகின்றனர்.

‘பிராண்டு’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேரைச் சற்றே தோண்டிப் பார்ப்போம். வணிகக் குறியைச் சுட்டுவதற்கு முன்பே, காய்ச்சிய இரும்பால் கால்நடையின் தோலில் இடப்படும் அடையாளத்தை அச்சொல் குறித்தது. நம் மொழியில் அதற்குச் ‘சூடு’ என்று பெயர். நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்னும் பழமொழியை அறியாதார் நம்மில் இலர். சூடு எதற்காகப் போடப்பட்டது? மாடு யாருடையது என்று பிறர் அறிவதற்காக. அதாவது, சூடு மாட்டின் குணத்தைச் சொல்வதில்லை. அதன் உடைமையாளரைச் சொல்கிறது. அப்படியாயின், தனக்குத்தானே சூடு போட்டுக்கொள்ளும் மனிதன் யாருடைய உடைமை ஆகிறான்? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இந்தப் போதனைக்கு ஒரு மூலநூல் உண்டென்றால், அது அமெரிக்க நிர்வாகவியல் எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ் 1997 ஆகஸ்டில் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ என்னும் இதழில் எழுதிய கட்டுரையே எனலாம். அக்காலத்தில் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் ஆட்குறைப்பில் இறங்கியிருந்தன. ஓரிடத்தில் சேர்ந்தால் ஓய்வு பெறும் வரை வேலை உறுதி என்ற நிலை குலைந்துகொண்டிருந்தது. நிறுவனம் உன்னைக் காப்பாற்றாது; ஆகவே நீயே ஒரு நிறுவனமாகி உன்னை விற்கக் கற்றுக்கொள் என்பதே அவர் தந்த அறிவுரையின் சாரம். விறுவிறுப்பாகவும் உற்சாகமூட்டும் வகையிலும் எழுதப்பட்ட கட்டுரை அது. வேலையிழந்து சோர்ந்திருந்த பலரை அது எழுப்பியும் விட்டிருக்கும். அதனை நாம் மறுக்கவில்லை.

எனினும் திருப்பூரை அறிந்தவர்கள் அக்கட்டுரையைப் படிக்கும்போது ஓரிடத்தில் நின்றுவிடுவார்கள். நாம் அணியும் காலணியிலும் சட்டையிலும் பொறிக்கப்பட்டுள்ள குறிகளைச் சுட்டிக்காட்டித்தான் ஆசிரியர் தம் பேச்சைத் தொடங்குகிறார். டி-சட்டையின் கைப்பகுதியில் உள்ள குறி அவர் கண்ணுக்குத் தெரிகிறது. அச்சட்டையைத் தைத்தது யார் என்ற கேள்வி அவருக்கு எழவேயில்லை. ஒரு கட்டுரையின் தரத்தை அது சொல்பவற்றைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது. எதனைக் காணாமலேயே அது பேச முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இக்குறி நோக்கில் பீட்டர்ஸின் கட்டுரை குறைபாடுடையது என்றே சொல்வோம்.

நம் மொழியிலும் முன்னேற்ற நூல்களுக்குப் பஞ்சமில்லை. அப்துற் றஹீமும் எம்.எஸ். உதயமூர்த்தியும் எழுதிய நூல்கள் நம் இல்லங்கள் பலவற்றின் அலமாரிகளில் இடம் பெற்றிருந்தன. அவர்கள் இளைஞரை நோக்கி, எண்ணத்தைச் செம்மைப்படுத்து, சோம்பலை விடு, முயற்சியைக் கைவிடாதே என்றார்கள். மனிதன் திருந்த வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. மனிதன் தென்பட வேண்டும் என்பது புதிய போதனையின் எதிர்பார்ப்பு. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று.

*

இப்போதனை வெளிநாட்டிலிருந்து வந்தது போலத் தோன்றினாலும், இதன் உள்ளூர் வடிவம் ஒன்று திருப்பூரில் முன்பே வளர்ந்திருந்தது. ‘கையூன்றிக் கரணம் போட்டு மேலே வந்தவர்’ என்று நம் மக்கள் வியந்து சொல்லும் சுயமுன்னேற்றக் கதையே அது. பாராட்டு விழா மலர்களிலும், பத்திரிகைகளின் சிறப்புப் பக்கங்களிலும், மணிவிழா அழைப்பிதழ்களிலும் அக்கதையை நாம் பல முறை படித்திருக்கிறோம். அதன் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே: மானாவாரி நிலத்தில் பாடுபட்ட குடும்பம், பாதியில் நின்ற படிப்பு, பனியன் கம்பெனியில் எடுபிடி வேலை, இரவும் பகலும் கற்ற கட்டிங், நண்பருடன் கூட்டாகப் போட்ட நான்கு மிஷின், பிறகு ஏற்றுமதி, பிறகு கல்வி நிறுவனம், கோயில் திருப்பணி. இதனை ஓர் இலக்கிய வகையாகவே கொண்டு ஆராயலாம்.

அவ்வாறு ஆராய்ந்த நூல் ஒன்று உண்டு. புவியியல் அறிஞர் சரத் சாரி எழுதி 2004-இல் வெளிவந்த ‘ஃப்ரெட்டர்னல் கேப்பிட்டல்’ என்னும் ஆங்கில நூலையே குறிப்பிடுகிறோம். 1990-களில் திருப்பூரில் தங்கி, முதலாளிகள் பலரிடமும் தொழிலாளரிடமும் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு எழுதியவர் அவர். எப்படி இவ்வளவு உயர்ந்தீர்கள் என்ற கேள்விக்கு அவருக்குக் கிடைத்த விடை பெரும்பாலும் ஒரே சொல்லாக இருந்தது: உழைப்பு. சிறு நிலமும் கூலி வேலையுமாக வாழ்ந்த கொங்கு வேளாளக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், தொழிலாளராகப் புகுந்து தொழிலதிபராக எழுந்ததற்கு அந்த உழைப்பையே காரணமாகக் காட்டினார்கள். அதனைப் பொய்யென்று ஆசிரியர் தள்ளிவிடவில்லை. உண்மையாகவே அவர்கள் உழைத்தார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு, அந்த உழைப்பின் நினைவு எவ்வாறு ஒரு மூலதனமாக மாறியது என்பதைத் தொடர்ந்து செல்கிறார். நூலின் சிறப்பு இந்த நேர்மையில் இருக்கிறது.

இங்கே நம் மொழியில் உள்ள ஓர் அழகிய இரட்டைப் பொருளைக் கவனிக்க வேண்டும். ‘நாணயம்’ என்றால் காசு. நாணயம் என்றால் வாய்மை தவறாமை. கைமுதல் இல்லாத ஒரு கட்டிங் மாஸ்டர் அன்று சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது, நூல் வியாபாரி அவருக்கு நூலைக் கடனாகக் கொடுத்தார். நிட்டிங் வைத்திருப்பவர் கூலியைப் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். எதை நம்பி? ‘நாணயமான ஆள்’ என்று நாலு பேர் சொன்னதை நம்பி. அந்தப் பெயரை அவர் தாமே தம்மீது ஒட்டிக்கொள்ள முடியாது. சனிக்கிழமைதோறும் சம்பளத்தைக் குறையின்றிக் கொடுத்தும், சொன்ன நாளில் சரக்கை முடித்தும், வாங்கிய கடனைத் தவணை பிசகாமல் அடைத்தும் பிறர் வாயிலாகவே அதனைப் பெற வேண்டும். காசு இல்லாதவரிடமும் நாணயம் இருக்கலாம் என்பதே அக்காலத்துத் திருப்பூரின் பெருமை.

ஆனால் 1978-இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்னும் இறக்குமதியாளர் வந்ததும், அதன்பின் ஐரோப்பிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தொடர்ந்ததும், அக்கதை வேறு பயனைப் பெற்றது. ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் ஏற்றுமதி செய்யும் நகரமாகத் திருப்பூர் இன்று விளங்குகிறது. நாலு பேர் சொன்ன பெயர் போய், தம் வாயால் தாமே சொல்லும் பெயர் வந்தது. ‘நானும் உங்களைப் போல் மிஷினில் உட்கார்ந்தவன்தான்’ என்று ஒரு முதலாளி தம் தொழிலாளரிடம் சொல்லும்போது, அது தோழமையாக ஒலிக்கலாம். அதே சொல், ‘நான் எழுந்தேன்; நீ எழவில்லை; ஆகவே உன் உழைப்பில் குறை’ என்னும் தீர்ப்பாகவும் மாறலாம். சரத் சாரி இந்தத் திருப்பத்தை நுட்பமாகக் காட்டுகிறார். கடந்த கால உழைப்பு நிகழ்கால அதிகாரத்துக்கு உரிமைப் பத்திரம் ஆகிவிடுகிறது.

அக்கதை யாரை விட்டுவிடுகிறது என்பதும் அவர் நூலிலிருந்து புலப்படுகிறது. தோட்டத்தில் உடன் பாடுபட்ட மாதாரி குடும்பங்கள் அதில் இல்லை. விடியலில் எழுந்து அத்தனை பேருக்கும் சமைத்துவிட்டு, பகலில் செக்கிங்கும் கைமடிப்பும் செய்த மனைவியர் இல்லை. அவர்கள் செய்தது ‘உதவி’. ஆண்மக்கள் செய்தது ‘உழைப்பு’. பஞ்சப்படி கேட்டு 1984-இல் நான்கு மாதத்துக்கும் மேலாகத் தொழிலாளர் நடத்திய பொது வேலைநிறுத்தமும் விழா மலர்களில் இடம் பெறுவதில்லை. ஒருவருடைய பெயர் ஓங்குவதற்காகப் பலருடைய பெயர்கள் உதிர்ந்து போக வேண்டியிருக்கிறது.

மறைந்தவற்றுள் ஆறும் ஒன்று. திருப்பூரில் வாழும் சுப்ரபாரதிமணியன் 1998-இல் வெளியிட்ட ‘சாயத்திரை’ நாவலை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். சாயக்கழிவால் நிறம் மாறிய ஓர் ஊரையும் அதில் மூச்சுவிடும் மனிதர்களையும் காட்டும் நாவல் அது. விழா மலர் எந்தத் திரையைத் தொங்கவிடுகிறதோ அதனை விலக்கிப் பார்க்கும் வேலையை அந்நாவல் செய்கிறது. நொய்யலில் கலந்த கழிவு 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழேயுள்ள உழவருக்கு அணையையே ஒரு துன்பமாக்கியது. 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். நாவலும் நீதிமன்றமும் கேட்ட கேள்வி ஒன்றே: உன் பெயருக்கு யார் விலை கொடுத்தார்?

*

இனிப் பெயரே இல்லாதவரிடம் வருவோம். நூற்பாலைகளில் மூன்றாண்டு வேலை, முடிவில் திருமணத்துக்கென ஒரு தொகை என்று சொல்லி, ஏழைக் குடும்பங்களின் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கிய முறைக்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்றும், ‘திருமகள் திருமணத் திட்டம்’ என்றும் பெயரிட்டார்கள். எவ்வளவு மங்கலமான பெயர்கள்! திட்டத்துக்குக் கிடைத்த பெயர் அதில் உழைத்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. இடையில் உடல்நலம் குன்றி வெளியேறியவர்கள் சேர்ந்த தொகையையும் இழந்தார்கள் என்பது ஆய்வறிக்கைகளில் பதிவாகியுள்ளது.

2013 ஏப்ரல் 24-இல் வங்காளதேசத்தின் தாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,130-க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர் மடிந்தபோது, எந்தெந்த நிறுவனங்களுக்காக அங்கே ஆடைகள் தைக்கப்பட்டன என்பதை அறிய, இடிபாடுகளுக்குள் லேபிள்களைத் தேடினார்கள். லேபிள்கள் கிடைத்தன, நிறுவனங்களின் பெயர்கள் தெரிந்தன. இறந்தவர்களுள் பலருடைய உடல்களோ அடையாளம் காணப்படாமல், எண்கள் இடப்பட்டுப் புதைக்கப்பட்டன. துணித்துண்டு தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. மனிதரால் அது இயலவில்லை. அடுத்த மே முதல் நாளில் திருத்தந்தை பிரான்சிஸ் இதனை அடிமை உழைப்பு என்று கண்டித்தார்.

இங்கே வாசகர் ஒருவர் நம்மை மறித்து ஒரு கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். ‘பெயரும் பதவியும் பெற்றவர்கள் பணிவைப் பற்றிப் பேசுவது எளிது. இருபது ஆண்டுகள் பவர்டேபிளில் தைத்த ஒரு பெண்ணிடம் போய், உன் திறமையைப் பற்றி நீயே பேசாதே என்று சொல்வது அவளை மேலும் அமுக்குவதாகாதா? தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லி அழைக்கப்படாத சமூகத்திலிருந்து படித்து வரும் இளைஞன் தன் பெயரை ஊரறியச் செய்வதில் என்ன குற்றம்?’ என்பது அக்கேள்வி. இதற்கு மழுப்பலான விடை சொல்லித் தப்பிக்க நமக்கு மனமில்லை. இக்கேள்வி நியாயமானது. பணிவு என்னும் நற்பண்பு எளியோரை வாயடைக்கும் கருவியாக நம் திருச்சபைக்குள்ளும் சில வேளைகளில் பயன்பட்டிருக்கிறது. அதனை நாம் வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே, வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துக்கொள்வது நலம். தன் கைத்திறனை உள்ளபடி சொல்வது சான்று, அது உரிமை. இன்ன மிஷினில் இத்தனை ஆண்டு தைத்தேன், இன்ன நுணுக்கம் எனக்குத் தெரியும், இதற்கு இன்ன கூலி தர வேண்டும் என்று ஒரு தொழிலாளி நிமிர்ந்து சொன்னால், அது தற்பெருமை ஆகாது. அதற்கு மாறாக, திறமை இருக்கும் இடத்தை விட்டுத் தோற்றம் இருக்கும் இடத்துக்கு நம் உழைப்பை இடம் மாற்றச் சொல்வதே புதிய போதனையின் தீங்கு. சான்றுக்குச் செயல் முன்னே வர வேண்டும்; முத்திரைக்குச் செயல் பின்னே வந்தாலும் போதும், வராவிட்டாலும் போதும்.

திருப்பூரின் சூழலில் இதற்கு நடைமுறைப் பொருளும் உண்டு. பீஸ் ரேட்டில் கான்ட்ராக்டருக்குக் கான்ட்ராக்டர் மாறிச் செல்லும் தொழிலாளருக்குத் தம் பெயர் எழுதிய ஒரு தாள் கூடக் கைக்குக் கிடைப்பது அரிது. வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, வருங்கால வைப்புநிதிக் கணக்கு ஆகியவையே அவர்கள் பெயர் பொறிக்கப்பட வேண்டிய இடங்கள். பெயரை வளர்த்துக்கொள் என்று அவர்களுக்கு உபதேசிக்கும் முன், அவர்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதச் செய்வது நம் கடமை. முதலாவது தனி மனித முயற்சியில் முடியும். இரண்டாவதற்குப் பலர் சேர்ந்து நிற்க வேண்டும். தனித்து விளங்கு என்று கற்பிக்கும் போதனை, சேர்ந்து நிற்கும் பழக்கத்தையே மெல்ல அழித்துவிடுகிறது என்பதை நாம் அஞ்சுகிறோம். அருகில் அமர்ந்து தைப்பவள் தோழி என்ற நிலை மாறி, முந்த வேண்டிய மற்றொரு சரக்கு ஆகிவிடுகிறாள்.

*

விவிலியம் பெயரைப் பற்றி என்ன சொல்கிறது? தொடக்க நூலின் இரண்டு அடுத்தடுத்த அதிகாரங்களை நாம் சேர்த்துப் படிப்பதில்லை. பதினொன்றாம் அதிகாரத்தில், செங்கல் சுட்டுக் கோபுரம் எழுப்பியவர்கள் தங்களுக்கென ஒரு பெயரை நாட்ட விரும்பினார்கள். முடிவில் ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாமல் சிதறினார்கள். பன்னிரண்டாம் அதிகாரத்தில், பெயருக்காக எதுவும் செய்யாத ஆபிராமை இறைவன் அழைத்து, அவர் பெயரைத் தாமே சிறப்புறச் செய்வதாக வாக்களிக்கிறார். அவர் வழியாக மண்ணுலகின் எல்லா இனத்தாரும் ஆசி பெறுவர் என்றும் சொல்கிறார். பெயர் வேண்டும் என்ற ஆசையை விவிலியம் இகழவில்லை. அப்பெயர் எங்கிருந்து வருகிறது, யாருக்கு ஆசியாகிறது என்றே அது கேட்கிறது.

லூக்கா நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்து உவமையோ திருப்பூருக்கென்றே சொல்லப்பட்டது போல் இருக்கிறது. விலையுயர்ந்த செந்நிற ஆடையும் மெல்லிய துகிலும் உடுத்திய செல்வர் ஒருவர். அவர் வாயிலில் புண்கள் நிறைந்த ஏழை ஒருவர். ஆண்டவர் சொன்ன உவமைகளுள் பெயர் பெற்ற ஒரே ஏழை அந்த இலாசர்தான். ஊரே அறிந்திருந்த செல்வருக்கு உவமையில் பெயரில்லை. அவர் உடுத்திய ஆடை மட்டும் நம் நினைவில் நிற்கிறது. ஆடை நினைவில் நின்று ஆள் மறந்துபோவதே ஒரு மனிதனுக்கு நேரக்கூடிய பெரிய இழப்பு அல்லவா?

மத்தேயு நற்செய்தியில் நம்மைக் குழப்பும் இரு போதனைகள் உள்ளன. விளக்கை மரக்காலுக்குள் மறைக்காமல் தண்டின்மேல் வைக்கச் சொல்லுகிறார் ஆண்டவர். அடுத்த அதிகாரத்திலேயே, வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். முரண்பாடு போலத் தோன்றும் இதற்கு விளக்கம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் ஆலயங்களிலும் அன்பியக் கூடங்களிலும் மாட்டியிருக்கும் குழல் விளக்குகளை நிமிர்ந்து பார்த்தால் போதும். ‘உபயம்’ என்று தொடங்கிக் கொடுத்தவருடைய பெயரையும் அவர் தந்தையின் பெயரையும் விளக்கின்மேலேயே எழுதியிருப்பார்கள். எழுத்து எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு வெளிச்சம் குறையும். விளக்கைத் தண்டின்மேல் வைப்பது வீட்டிலுள்ளோர் பொருள்களைக் காண்பதற்காக. விளக்கையே காண்பதற்காக அன்று. பங்குத் திருவிழாவில் புனிதரின் படத்தை விடப் பெரிதாக நம் முகங்களைப் பொறித்துத் தட்டி வைக்கும் நாம், இளைஞரை மட்டும் குறை கூறுவது பொருந்தாது. சூடு போட்டுக்கொள்ள அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களுள் நாமும் இருக்கிறோம்.

இனி, சுயமுன்னேற்றக் கதைக்கு எதிராக நம் இலக்கியம் வைக்கும் ஒரு வாழ்க்கைக் கதையைப் பார்ப்போம். இத்தாலியிலிருந்து வந்த மற்றொருவர், வீரமாமுனிவர், 1726-இல் இயற்றிய தேம்பாவணியில் 36 படலங்களும் 3,615 பாடல்களும் உள்ளன. இவ்வளவு பெரிய காப்பியத்துக்குத் தலைவர் யார்? அரசரல்லர், போர்வீரரல்லர், தச்சுத் தொழிலாளியான வளன், அதாவது நம் புனித சூசையப்பர். நற்செய்தி நூல்கள் நான்கிலும் அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. கனவு காண்கிறார், எழுகிறார், செய்கிறார், அவ்வளவே. தம்மைப் பற்றி ஒன்றும் சொல்லாத ஒருவரைப் பற்றி, கடல் கடந்து வந்த துறவி, தாம் கற்றுத் தேர்ந்த அயல்மொழியில் காப்பியம் பாடினார். காப்பிய மரபு பெருமிதம் மிக்க தலைவனை எதிர்பார்க்கிறது. மௌனமான உழைப்பாளியை அந்த இடத்தில் அமர்த்தியதே தேம்பாவணியின் துணிச்சல் என்று நாம் கருதுகிறோம். பாடியவரும் ‘வீரமாமுனிவர்’ என்னும் பெயரைத் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளவில்லை. தமிழ் மக்கள் கொடுத்த பெயர் அது.

திருப்பூரின் முதன்மைப் பெயரும் அத்தகையதே. சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் 1904-இல் பிறந்து, சம்பளத்துக்கு வேலை பார்த்த இளைஞர் குமரன். 1932 ஜனவரியில் ஊர்வலத்தில் காவலரின் தடியடிக்கு ஆளாகி, 11-ஆம் நாள் உயிர்நீத்தார். கையிலிருந்த கொடியைத்தான் அவர் விடவில்லை. தம் பெயரைப் பற்றி அவர் கவலைப்பட நேரமில்லை. ஊர் அவரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் வெளியிட்ட ‘லபோரெம் எக்சர்சென்ஸ்’ என்னும் சுற்றுமடல், உழைப்பின் மதிப்பை அதனால் விளையும் பொருளைக் கொண்டு முதலில் அளக்கக் கூடாது என்றும், உழைப்பவர் ஒரு மனிதர் என்பதே அம்மதிப்பின் ஊற்று என்றும் கற்பிக்கிறது. பிராண்டு என்னும் போதனைக்கு இதைவிட ஆழமான மறுமொழி இல்லை. சந்தையில் விலைபோவதற்காக மனிதன் தன்மேல் ஒரு மதிப்பை ஒட்டிக்கொள்ள வேண்டியதில்லை. மதிப்பு முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது. திருமுழுக்கு நாளில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, நெற்றியில் சிலுவை அடையாளம் இடப்பட்ட நமக்கு, நாம் யாருடையவர்கள் என்று காட்ட வேறொரு சூடு தேவையா? முன்னே எழுப்பிய கேள்விக்கு நம் விடை இதுவே.

சரத் சாரியின் நூல், பெயர் எவ்வாறு மூலதனமாகிறது என்பதைக் காட்டியதோடு நின்றுவிடுகிறது. மூலதனமாகிவிட்ட பெயருக்குள் வாழும் மனிதனுடைய உள்ளத்துக்கு என்ன நேர்கிறது என்பதை ஆராய்வது அதன் வேலையன்று. அந்த வேலை நம் எழுத்தாளருக்கு விடப்பட்டிருக்கிறது. பாராட்டு விழா முடிந்து, மாலைகளைக் கழற்றி வைத்துவிட்டு, தாம் விட்டுவந்த பெயர்களை இரவில் தனியே எண்ணிப் பார்க்கும் ஒரு முதலாளியைப் பற்றி நம்மில் ஒருவர் நாவல் எழுதினால், அது திருப்பூருக்கும் நமக்கும் பெருங்கொடையாக இருக்கும்.

அதுவரை நம்மால் இயன்ற சிலவற்றைச் செய்யலாம். வேலைக்கு விண்ணப்பம் எழுதும் நம் பிள்ளைகளிடம், உங்கள் திறமையை உள்ளபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள் என்று சொல்வோம். அதனை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரின் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்கும்போது அவரைச் சொல்லுங்கள் என்றும் சேர்த்துச் சொல்வோம். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955-இல் ஏற்படுத்திய தொழிலாளரான புனித சூசையப்பர் விழா ஆண்டுதோறும் மே முதல் நாளில் வருகிறது. அன்று திருப்பலியில், நன்கொடையாளர் பட்டியலுக்கு மாற்றாக, பங்கில் கட்டிங்கிலும் டெய்லரிங்கிலும் செக்கிங்கிலும் வேலை செய்வோருடைய பெயர்களை மன்றாட்டின்போது ஒவ்வொன்றாக வாசிக்கலாம். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஆலயத்தின் கடைசிப் பெஞ்சில் அமரும் சகோதரரை ‘வடக்கிலிருந்து வந்த பையன்’ என்றே நாம் குறிப்பிட்டு வருகிறோம். வாசிப்பதற்காகவாவது அவரிடம் சென்று பெயரைக் கேட்க வேண்டியிருக்கும். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அதனைக் கேட்டுவிடலாம்.